ஓர் ஆள் மிச்சம்

ஓசூர் சிப்காட்டில் இருக்கும் அந்தக் கம்பெனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால், ஏன் சொன்னாய், எந்தத் தேதியில் சொன்னாய், சொல்வதற்கு முன் என்ன நிலைமை, சொன்ன பின் என்ன முன்னேற்றம் என்று நாலு பக்கத்துக்குப் படிவம் அனுப்பிவைப்பார்கள். நமக்கெதற்கு வம்பு? லாரிகளுக்கு கியர்பாக்ஸ் கூடு செய்கிற கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே திம்மப்பன் பதினோரு வருஷமாகத் தண்ணீர் அடிக்கிறான். எண்ணெயும் இரும்புத்தூளுமாக வருகிற கூடுகளைத் தொட்டியில் அடுக்கி, பிரஷர் வாஷர் துப்பாக்கியால் கழுவ வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர், கறை போகாவிட்டால் மறுபடியும் சோப்பு. சோப்பு என்றால் நாம் குளிக்கிற சோப்பு இல்லை. நீலக் கேனில் வருகிற காரம். பட்ட இடம் உரிந்துவிடும். அந்தக் கேனும் பம்பும் கழுவுமிடத்திலிருந்து முப்பது தப்படி தள்ளி, ஒரு தகரக் கொட்டகைக்குள் இருந்தன. கேனிலிருந்து காரத்தை உறிஞ்சித் தண்ணீரில் கலக்கிவிடுகிற பித்தளைச் சாமானுக்கு இன்ஜெக்டர் என்று பெயர். அதன் வால்வைத் திறந்தால் சோப்பு, மூடினால் வெறும் தண்ணீர்.

அந்த வால்வைத் திறந்து மூடுவதுதான் மாதேஸ்வரியின் வேலை. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரி. காண்ட்ராக்டில் சேர்ந்து ஆறு வருஷம். திம்மப்பன் ஒரு விசில் அடித்தால் திறப்பாள், இரண்டு விசில் அடித்தால் மூடுவாள். ஒரு ஷிஃப்டில் நூறு தடவைக்குக் குறையாது. ராகிக் கொல்லையில் யானை விரட்டப் போன வீட்டுக்காரர் கால் ஒடிந்து உட்கார்ந்ததிலிருந்து, அந்த வீட்டில் அடுப்பு எரிவதே இந்த வால்வைத் திருகித்தான்.

அவள் கையைப் பார்க்கச் சகிக்காது. ஸ்டோரில் கையுறை கேட்டால், பழையதைத் திருப்பிக் கொடு, புதியதை வாங்கிக்கொள் என்பார்கள். பழையது காரத்தில் கரைந்து போயிருந்தது. கரைந்துபோன கையுறையைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று அவர்களுடைய விதிப் புத்தகத்தில் இல்லை. ஆகவே ஆறு வருஷமாக அவள் வெறும் கையால் திருகினாள்.

திம்மப்பனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாகலூர் ரோட்டில் பழைய சாமான் கடைகளைச் சுற்றினான். யாரோ கழற்றிப் போட்ட குடிநீர் மெஷினிலிருந்து கரண்டில் திறந்து மூடுகிற குட்டி வால்வு ஒன்று கிடைத்தது. காரைப் பூட்டித் திறக்கிற ரிமோட் ஒன்றும் அதன் பெட்டியும் கிடைத்தன. எல்லாவற்றையும் ஒரு டிபன் டப்பாவுக்குள் அடைத்து, திங்கட்கிழமை சோப்புக் குழாயில் பொருத்திவிட்டான். கரண்ட் போனால் ஆகட்டும் என்று பழைய கைவால்வையும் பக்கத்திலேயே விட்டுவைத்தான். ரிமோட்டை சைக்கிள் ட்யூப் வெட்டித் துப்பாக்கிப் பிடியோடு கட்டினான்.

"இன்னாண்ணா இது, டிபன் டப்பாவுக்கு ஒயர் மாட்டி வெச்சிருக்கே?" என்றாள் மாதேஸ்வரி.

"நீ கேன் கிட்ட வராதே. தள்ளி நின்னு பாரு."

பொத்தானை அமுக்கினான். முப்பது தப்படி தள்ளி டப்பாவுக்குள் 'டக்' என்றது. துப்பாக்கியில் நுரை பொங்கியது. மறுபடி அமுக்கினான், வெறும் தண்ணீர். மாதேஸ்வரி கைதட்டிவிட்டு, உடனே வலியில் கையை உதறிக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் கழுவின கூடுகளைக் காற்றடித்துத் துடைத்து அடுக்கினாள். இரண்டு பேரும் நேரத்துக்கு வேலையை முடித்து, நேரத்துக்குத் தேன்கனிக்கோட்டை பஸ்ஸைப் பிடித்தார்கள். நாலு நாள் யாருமே கவனிக்கவில்லை. நன்றாக ஓடுகிற மெஷினை அந்தக் கம்பெனியில் எட்டிப் பார்க்கிற வழக்கம் கிடையாது.

ஐந்தாம் நாள் ஜெகதீஷ் சார் வந்தார். அவர் கைசன் பிரிவின் பொறுப்பாளர். கைசன் என்றால் ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்த முன்னேற்ற முறை. தொழிலாளியே யோசித்து வேலையைச் சுலபமாக்க வேண்டும். மாதத்துக்கு நாற்பது முன்னேற்றம் கட்டாயம். அந்த மாதம் முப்பத்தொன்பதுதான் தேறியிருந்தது. அதிலும் ஒன்று, குப்பைத்தொட்டியை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற்றியது. இன்னொன்று, அதையே வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றியது.

"திம்மப்பா! இது கைசன்யா!" என்று கத்தினார்.

திம்மப்பன் பயந்துபோய், "தெரியாம பண்ணிட்டேன் சார்" என்றான்.

"பயப்படாதே, பிரைஸ் வாங்கப்போற. பிஃபோர் போட்டோ எங்க?"

"அப்படின்னா?"

"இத மாட்டறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ. முன்னாடி எவ்வளவு கேவலமா இருந்துச்சுன்னு காட்டினாத்தானே பின்னாடி எவ்வளவு நல்லாருக்குன்னு தெரியும்?"

"எடுக்கலீங்க சார்."

ஜெகதீஷ் சாரின் முகம் வாடியது. சிறிது நேரம் யோசித்தவர், "சரி, கழட்டு" என்றார்.

கழற்றினான். விஷயம் அதோடு முடியவில்லை. தரை சுத்தமாக இருக்கிறதென்று ஒரு கேன் பழைய எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றச் சொன்னார். மாதேஸ்வரியை வால்வுக்குப் பக்கத்தில் குனிய வைத்தார். அவளுக்கு போட்டோ என்றாலே சிரிப்பு வந்துவிடும்.

"சிரிக்கக் கூடாதும்மா. பிஃபோர்லயே சிரிச்சா ஆஃப்டர்ல என்ன பண்ணுவ?"

அவள் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். படத்தில் அழுவதுபோல் விழுந்தது. ஜெகதீஷ் சாருக்குப் பரம திருப்தி.

"இப்ப மாட்டிக்கலாமா சார்?" என்றான் திம்மப்பன்.

"அவசரப்படாதே. பழைய முறையில பதினஞ்சு நாள் டேட்டா வேணும்."

பதினைந்து நாள் மாதேஸ்வரி மறுபடி வெறும் கையால் வால்வைத் திருகினாள். பக்கத்தில் ஒரு பயிற்சி எஞ்சினியர் ஸ்டாப்வாட்சோடு நின்று, திருக எத்தனை வினாடி, எரிகிறது என்று கையை உதற எத்தனை வினாடி என்று தனித்தனிக் கட்டத்தில் எழுதினார். உதறுவது வேலையில் சேராது என்று அதற்குச் சிவப்பு வண்ணம். பதினைந்தாம் நாள் முடிவில் அவளுடைய வலது உள்ளங்கையில் தோல் இல்லை. ஆனால் டேட்டா பிரமாதமாக இருந்தது.

பிறகு மூல காரணம் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்பது ஜப்பான் முறை.

"ஏன் விசில் அடிக்கிறீங்க?"

"மாதேஸ்வரிக்குக் கேக்கணுமே சார்."

"ஏன் கேக்கணும்?"

"அவங்க அந்தக் கொட்டாய்ல இருக்காங்க."

"ஏன் அங்க இருக்காங்க?"

"பம்பு அங்கதான் இருக்குதுங்க."

"ஏன் பம்பு அங்க இருக்கு?"

"நீங்கதான் சார் வெச்சீங்க."

ஜெகதீஷ் சார் பேனாவை மூடினார். "இந்தப் பதில் செல்லாது. மேனேஜ்மெண்ட் மூல காரணமா இருக்க முடியாது. கட்டத்துல அதுக்கு இடமே இல்ல. ஆள், மெஷின், பொருள், முறை, இந்த நாலுல ஒண்ணு சொல்லு."

பிறகு அவரே யோசித்து, 'ஆள்' என்ற கட்டத்தில் டிக் அடித்து ஆங்கிலத்தில் ஏதோ எழுதினார். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டான். தேன்கனிக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது வரை படித்தவனுக்கு அந்த இங்கிலீஷ் எட்டவில்லை.

அதன் பிறகுதான் டப்பாவைத் திரும்ப மாட்ட விட்டார்கள். பரிசளிப்பு விழா கேண்டீனில் நடந்தது. பிளான்ட் ஹெட் அண்ணாதுரை சார் வெள்ளைச் சட்டையில் மேடை ஏறினார். நல்ல மனிதர். பேச ஆரம்பித்தால் மனசில் உள்ளதை ஒளிக்கத் தெரியாது.

"இந்தக் கம்பெனி ஒரு குடும்பம்" என்றார். "குடும்பத்துல யாரெல்லாம் தேவையில்லன்னு கண்டுபிடிக்கறதுதான் கைசன். பத்து வருஷத்துக்கு முன்னாடி இந்த பிளான்ட்ல எண்ணூறு பேர் இருந்தீங்க. இன்னிக்கு நானூறு பேர். என் கனவு என்ன தெரியுமா? ஒரு நாள் நான் இந்த மேடையில நின்னு பேசறப்போ, கீழ கேக்கறதுக்கு ஒருத்தர்கூட இருக்கக்கூடாது!"

நானூறு பேரும் கைதட்டினார்கள்.

"அந்தப் பாதையில நம்ம திம்மப்பன் இன்னிக்கு ஒரு அடி எடுத்து வெச்சிருக்கார். ஆள் மிச்சம், ஒண்ணு!"

திம்மப்பன் மேடை ஏறி, சான்றிதழையும் ஒரு ஹாட்பாக்ஸையும் வாங்கிக்கொண்டான். கூட்டத்தில் எல்லாரையும்விட உரக்கக் கைதட்டியது மாதேஸ்வரி. உரிந்த கையால் தட்ட முடியாமல் பெஞ்சில் தட்டினாள். கீழே இறங்கும்போதுதான் அவனுக்குள் ஏதோ உறுத்தியது.

"சார், மிச்சம் ஒண்ணுன்னாரே, யாரு அந்த ஒண்ணு?" என்று ஜெகதீஷ் சாரைக் கேட்டான்.

"மாதேஸ்வரிதான்யா. நீதான கையெழுத்துப் போட்ட? மூல காரணம் மாதேஸ்வரி. தீர்வு, மாதேஸ்வரிய நீக்கறது. ஒண்ணாம் தேதியிலருந்து கேட்ல அவங்க கார்டு வேலை செய்யாது."

ஒன்றாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. அவள் கை எரியக் கூடாதென்று செய்தது, இப்போது அவள் அடுப்பையே அணைக்கப் பார்க்கிறது.

"சார், எனக்கு இந்தப் பரிசு வேணாம். திருப்பி எடுத்துக்குங்க. டப்பாவை இப்பவே கழட்டிடறேன்."

"திருப்பித் தர்றதுக்கு ஃபார்மே கிடையாது" என்றார் ஜெகதீஷ் சார், ரொம்பப் பொறுமையாக. "ஹெட் ஆபீஸுக்குப் போயாச்சு. ஆளைக் கழிக்கணும்னா என் கையெழுத்து போதும். கூட்டணும்னா புனேயில கமிட்டி உக்காரணும். அந்தக் கமிட்டிய போன வருஷம் ஒரு கைசன்ல நீக்கிட்டாங்க."

பஸ்ஸில் மாதேஸ்வரியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கெலமங்கலம் தாண்டியதும், "பரவால்லண்ணா. நீ என் கையப் பாத்துத்தானே செஞ்சே" என்றாள். அதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. திம்மப்பனுக்கு அழுகை வந்தது. மடியில் ஹாட்பாக்ஸ் வேறு.

மறுநாள் காலை பாதுகாப்பு அதிகாரி சுடலைமுத்துவின் அறைக்குப் போனான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஆபத்துகளைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. மாதம் பத்து ஆபத்து கட்டாயம். இல்லாத மாதத்தில் வாழைப்பழத்தோலைத் தானே போட்டுத் தானே கண்டெடுப்பார் என்று பேச்சு.

"சார், நான் பண்ண ரிமோட்டு ஆபத்தானதுங்க" என்றான்.

சுடலைமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "இரியும். யாருக்கு என்னவே ஆச்சு?"

"ஒரு ஆளுக்கு வேலை போயிடுச்சு சார்."

"அது எச்.ஆர். விபத்து. எங்கிட்ட வராது. கை போச்சா, கால் போச்சா, அதைச் சொல்லும்."

"வேலை போனா கஞ்சி போயிடுமே சார்."

"கஞ்சிக்கு எங்கிட்ட கட்டம் இல்லவே." பேனாவை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "ஆனா ஒரு விதி இருக்கு. ரிமோட் மெஷின் ஏதாச்சும் யாரும் அமுக்காம தானா ஓடுச்சுன்னா, பக்கத்துல ஒரு ஆளு எந்நேரமும் நிக்கணும். உடனே நிறுத்தணும்லா? அந்த ஆளு என் பிரிவு கணக்கு. கைசன்காரன் கழிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. உம்ம டப்பா தானா ஓடுதா?"

திம்மப்பன் வாழ்நாளில் பெரிய பொய் எதுவும் சொன்னதில்லை. ஜன்னல் வழியே பார்த்தான். தகரக் கொட்டகைக்குப் பின்னால் அதிகாரிகளின் கார்கள் வரிசையாக நின்றன. அண்ணாதுரை சாரின் வெள்ளைக் கார் அப்போதுதான் வந்து நின்றது. அவர் இறங்கி, சாவியை அமுக்கினார். கார் 'க்விக் க்விக்' என்றது.

"ஓடுதுங்க சார்" என்றான். "அது கார் ரிமோட்டுங்களா, பெரிய சார் காரைப் பூட்டினா இங்க சோப்பு வால்வு திறந்துக்குது. மறுபடி அமுக்கினா மூடிக்குது."

சுடலைமுத்துவுக்கு அந்த மாதத்தின் பத்தாவது ஆபத்து கிடைத்துவிட்டது. ஆனால் அவர் விவரமான ஆள். "பெரியவர் சம்பந்தப்பட்ட ஆபத்து. நேர்ல நிரூபிக்கணும்வே. பொய்யுன்னு தெரிஞ்சுது, அந்த மாதேஸ்வரி கார்டோட உம்ம கார்டும் கேட்ல வேல செய்யாது" என்றார்.

"அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு முனகிக்கொண்டு திம்மப்பன் வெளியே வந்தான்.

முப்பத்தொன்றாம் தேதி காலை சோதனை. கழுவுமிடத்தில் அண்ணாதுரை சார், ஜெகதீஷ் சார், சுடலைமுத்து மூவரும் ஹெல்மெட்டோடு நின்றார்கள். சுடலைமுத்து புகாரைச் சத்தம் போட்டு வாசித்தார். அது கொட்டகை வரைக்கும் கேட்டது. தன்னுடைய கடைசி நாள் என்று அங்கே கேனைத் துடைத்துவைத்துக்கொண்டிருந்த மாதேஸ்வரிக்கும் கேட்டது.

ஜெகதீஷ் சார் தன் கையால் ரிமோட்டை வாங்கி, பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "இப்ப சோப்பு வந்தா நான் மொட்டை அடிச்சுக்கறேன் சார்" என்றார்.

திம்மப்பன் துப்பாக்கியைத் தொட்டிக்குள் பிடித்து விசையை இழுத்தான். வெறும் தண்ணீர் பாய்ந்தது. இன்னும் ஒரு நிமிஷத்தில் இரண்டு வீட்டுக் கஞ்சியும் போகிறது. அண்ணாதுரை சார் தூரத்தில் நின்ற தன் காரைப் பார்த்துச் சாவியை அமுக்கினார்.

'க்விக் க்விக்.'

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வினாடி, இரண்டு வினாடி, மூன்று வினாடி. ஜெகதீஷ் சார் சிரிக்க வாயெடுத்தார். துப்பாக்கியில் நுரை பொங்கிக்கொண்டு வந்தது.

திம்மப்பனுக்கே தூக்கிவாரிப் போட்டது. தான் செய்த டப்பா நிஜமாகவே கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்தான்.

"திரும்ப அமுக்குங்க சார்" என்றார் சுடலைமுத்து, மகிழ்ச்சியை அடக்க முடியாமல்.

க்விக். மூன்று வினாடியில் வெறும் தண்ணீர். க்விக் க்விக். நுரை. க்விக். தண்ணீர். அண்ணாதுரை சாருக்குக் குழந்தைபோல் உற்சாகம் வந்துவிட்டது. பதினெட்டுத் தடவை அமுக்கினார். பதினெட்டுத் தடவையும் தப்பவில்லை. அப்போதுதான் திம்மப்பன் கொட்டகைப் பக்கம் பார்த்தான். தகரத்துக்கும் தரைக்கும் நடுவே இருந்த சந்தில், பழைய கைவால்வுக்கு நேராக, இரண்டு ரப்பர் செருப்புக் கால்கள் தெரிந்தன.

"என்னய்யா மெஷின் இது!" என்றார் அண்ணாதுரை சார். "கோளாறுலகூட இவ்வளவு கரெக்டா இருக்கே. சத்தம் வந்த உடனே திறக்குது, உடனே மூடுது, ஒரு தடவை சோம்பல் உண்டா, மறதி உண்டா? ஆறு வருஷமா ஒரு லேடிய வெச்சு இந்த வேலைய வாங்கினோமே, அவங்களால இந்த அளவுக்கு முடியுமா?"

"முடியவே முடியாது சார்" என்றார் ஜெகதீஷ் சார்.

ஆறு வருஷத்தில் அந்தக் கம்பெனி மாதேஸ்வரியின் வேலையைப் பாராட்டியது அன்றைக்குத்தான். திம்மப்பனுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தான்.

உடனே அங்கேயே கூட்டம் போட்டார்கள். டப்பாவைக் கழற்றிவிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது பரிசு வாங்கிய டப்பா. கார் பூட்டுவதை நிறுத்தவும் முடியாது. ஆகவே விதிப்படி டப்பாவுக்குப் பக்கத்தில் 'ரிமோட் கண்காணிப்பாளர்' என்று ஓர் ஆளை நிரந்தரமாக நிறுத்துவதென்று முடிவாயிற்று. அந்த இடத்தில் முன்அனுபவம் உள்ளவர் வேண்டும் என்றார் சுடலைமுத்து. அப்படி ஊரில் ஒருத்திதான் இருந்தாள். கைசன் ஏட்டில் ஓர் ஆள் மிச்சம் அப்படியே இருந்தது, பாதுகாப்பு ஏட்டில் ஓர் ஆள் அதிகமானது. இரண்டு பிரிவுக்கும் அந்த ஆண்டு கேடயம் கிடைத்தது.

கண்காணிப்பாளர் பதவிக்கு முழங்கை வரை வருகிற ரப்பர் கையுறை கட்டாயம். பழையதைத் திருப்பித் தரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. புதிய பதவிக்குப் பழையது ஏது?

இப்போது மாதேஸ்வரி கேனிலிருந்து தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். திம்மப்பன் ரிமோட்டை அமுக்கிக் கழுவுகிறான். டப்பா தன் வேலையைப் பார்க்கிறது. காலையில் ஒன்பதே முக்காலுக்கு வெள்ளைக் கார் 'க்விக் க்விக்' என்றதும் அவள் எழுந்து கையுறையை மாட்டி, கைவால்வைத் திறக்கிறாள். மூன்று வினாடி கழித்து நுரை வருகிறது. சுடலைமுத்து வந்து பார்த்து, 'கோளாறு நீடிக்கிறது, ஆள் அவசியம்' என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகிறார்.

போன வாரம் திம்மப்பன் கவலையோடு வந்தான். "பெரிய சார் புதுக் கார் எடுக்கறாராம். அதுக்கு ரிமோட்டே வேறயாம். இன்னா பண்றது?"

மாதேஸ்வரி கையுறையைக் கழற்றி, தோல் புதிதாக வளர்ந்திருந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டாள்.

"எடுக்கட்டுமேண்ணா. எந்தக் காரா இருந்தாலும் பூட்டாமயா போவாரு?"